விருந்தினருக்கு ஒரு படுக்கை

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் பழந்தமிழிலே புதுமை என்பது பொருள். தொல்காப்பியத்திலும் அச்சொல் அப்பொருளில் ஆளப்பட்டுள்ளது. புதிதாய் வந்தவர், முன்பின் பழகியறியாதவர், அவரே விருந்தினர். மாமனும் மச்சானும் வந்தால் அது சுற்றம் வந்ததாகும். அறியாத ஒருவர் வாயிலில் வந்து நின்றால் விருந்து வந்ததாகும். திருக்குறளும் விருந்தோம்பலையும் சுற்றந்தழாலையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்துப் பேசுகின்றது.

புதியவரை ஏற்றல் என்பது அவருக்கு உணவளித்தலும், இரவிலே தலைசாய்க்க ஓரிடங் கொடுத்தலுமாகும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் வாயிலிலே, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கவெனக் கூரை வேய்ந்த சங்கடப்படலை இருந்தது. பருத்தித்துறையிலே தெருவின் மேலேயே கூரை அமைத்து, இருமருங்கும் கல்லால் திண்ணை கட்டிய தெருமூடிமடம் இருக்கின்றது. வீட்டினுள்ளே தங்க வந்தவருக்கு விறாந்தையிலோ கூடத்திலோ பாய் விரிக்கப்பட்டது. காலையிலே அந்தப் பாய் சுருட்டப்படும். இரவிலே பள்ளியறையாக இருந்த இடம் பகலிலே நாலுபேர் கூடிப் பேசும் இடமாகிவிடும். ஓரிடத்தைப் பகலுக்கொன்றும் இரவுக்கொன்றுமாகப் பயன்படுத்துதல் தமிழர் வீடுகளுக்குப் புதிதன்று.

அந்தப் பாயின் இடத்திலே இன்று சோபாக் கட்டில் வந்திருக்கின்றது. பகலிலே செற்றியாக நின்று அமர்வதற்கு உதவுவது. இரவிலே விரித்தாற் கட்டிலாவது. கொழும்பிலே, சிறப்பாக வெள்ளவத்தைப் பகுதியிலே, தொடர்மாடி வீடுகள் நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் விடப்படுகின்றன. திருமணத்துக்கு வருவோர், விசாவுக்காக வெளிநாட்டுத் தூதரகங்களுக்குச் செல்வோர், பரீட்சை எழுத வருவோர், பிறநாடுகளிலிருந்து விடுமுறையிலே தாயகம் திரும்புவோர், கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கோ மகரகமையிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கோ நோயாளரைக் கூட்டிவருவோர் ஆகிய பலரும் விடுதியை விட இத்தகைய வீட்டையே விரும்புகின்றனர். சமைத்துண்ணலாம், குடும்பம் ஒருசேர இருக்கலாம். வீடு சிறிது, வருபவர் பலர். ஆகவே, இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டுக்கும் 'ஆறுபேர் தங்கலாம்' என்று விளம்பரஞ் செய்கின்றனர். அந்த ஐந்தாமவரும் ஆறாமவரும் கூடத்துச் சோபாக் கட்டிலை நம்பியே கணக்கிற் சேர்க்கப்பட்டவர்கள்.

மடித்து வைக்குங் கட்டிலின் வரலாறு நகரங்களின் இடநெருக்கடியோடு பிணைந்ததாகும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, வில்லியம் மர்பி என்பவர் சுவரோடு நிமிர்த்தி மறைத்து வைக்கத்தக்க கட்டிலை உருவாக்கி உரிமைப் பதிவு செய்தார். நியூயோர்க்கிலே சிசிலித் தீவிலிருந்து குடியேறிய பேர்ணாட் காஸ்ட்ரோ என்பவர் 1931இல் சோபாக் கட்டில் செய்யும் நிறுவனமொன்றைத் தொடங்கினார். அவருடைய நான்கு வயது மகள் தன் சிறு கைகளாலேயே அதனை இழுத்து விரிக்குங் காட்சி, 1948இல் தொலைக்காட்சி விளம்பரமாக வந்து புகழ்பெற்றது. விரிப்பது எளிது என்பதே அவ்விளம்பரம் சொன்ன செய்தி. அதன்மேற் படுத்தவர் எழுந்து என்ன சொன்னார் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அதே சான் பிரான்சிஸ்கோ நகரில், 2007 ஒக்டோபரிலே, பிறையன் செஸ்கி, ஜோ கெபியா என்னும் இரு இளைஞர் வீட்டு வாடகைக்குப் பணம் போதாமல் இடர்ப்பட்டனர். அவ்வேளை நகரிலே வடிவமைப்பாளர் மாநாடொன்று நடைபெற இருந்தமையால் விடுதிகள் நிரம்பியிருந்தன. அவ்விருவரும் தம் வீட்டு நிலத்திலே காற்றடைத்த மெத்தைகளை விரித்து, காலையுணவுந் தருவதாக அறிவித்தனர். மூவர் வந்து தங்கினர். அடுத்த ஆண்டு நேதன் பிளெச்சார்சிக் என்பவரையுஞ் சேர்த்துக்கொண்டு இணையத்தளம் அமைத்தனர். இன்று ஏர்பிஎன்பி என்று வழங்கும் நிறுவனத்தின் பெயரிலுள்ள முதற்சொல் அந்தக் காற்று மெத்தையைக் குறிப்பதாகும். உலகெங்கும் பரந்துள்ள குறுங்கால வாடகைத் தொழிலின் இப்பெரிய நிறுவனம், கூடத்திலே விரித்த தற்காலிகப் படுக்கையிலிருந்தே தோன்றியது. ஆயினும், வாடகை வீடுகளிலே மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் அந்தக் கூடத்துப் படுக்கையே.

அதிலே படுப்பவர் யார் என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். தந்தையாரின் சத்திரசிகிச்சைக்காக வவுனியாவிலிருந்து ஒரு குடும்பம் வருகின்றது என்று கொள்வோம். நோயாளிக்கும் அவர் மனைவிக்கும் ஓர் அறை. கைக்குழந்தையோடு வந்த மூத்த மகளுக்கும் அவள் கணவருக்கும் மற்றோர் அறை. எஞ்சியிருப்பவர் இளைய மகனோ, மணமாகாத சின்னம்மாவோ ஆவர். விடியற்காலையில் முதலில் எழுந்து தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பவரும், வைத்தியசாலை வரிசையிலே இலக்கம் எடுக்க ஓடுபவரும், மருந்துக் கடைக்கு நடப்பவரும் அவரே. அவருக்குக் கிடைப்பது கூடத்துச் சோபாக் கட்டில். 'நித்திரை எப்படி?' என்று கேட்டால், 'எனக்கென்ன, நல்லாய்த்தான் படுத்தனான்' என்பார். முதுகிலே இரும்புச் சட்டம் அழுத்திய வலியை அவர் ஒருவருக்குஞ் சொல்லமாட்டார். முறையிடாதவருக்கென ஒதுக்கப்பட்ட படுக்கை என்பதாலேயே அது திருத்தப்படாமற் கிடக்கின்றது.

பாய்க்கும் சோபாக் கட்டிலுக்கும் இங்கே பெரிய வேறுபாடொன்றுண்டு. பாயை விரித்தால் அதன் கிழிசலும் அழுக்கும் உடனே கண்ணுக்குத் தெரியும். சோபாக் கட்டிலோ தன் குறைகளை வயிற்றுக்குள் மறைத்து வைத்துக்கொள்ளும். மேலே பட்டுப்போன்ற துணி. உள்ளே துருப்பிடித்த கம்பி. ஆகவே, அதனை ஆயத்தஞ் செய்ய விரும்பும் வீட்டுக்காரர் முதலில் அதன் அமைப்பை அறிந்துகொள்ளல் வேண்டும்.

பெரும்பாலும் வழக்கிலுள்ளவை மூன்று வகை. முதலாவது, இருக்கை மெத்தைகளை அகற்றியபின் உள்ளிருந்து இழுத்து விரிக்கும் இரும்புச் சட்டகம். மடிந்து உள்ளே அடங்கவேண்டியிருப்பதால் இதன் மெத்தை பொதுவாக நான்கு அல்லது ஐந்து அங்குலத் தடிப்பே உடையது. நீளமும் சாதாரணக் கட்டில் மெத்தையிலுங் குறைந்து ஏறக்குறைய 72 அங்குலமாக இருக்கும். இரண்டாவது, சாய்மனை பின்னே மடிந்து இருக்கையோடு சமமாகப் படிவது. இதிலே இரண்டு பாகமும் சந்திக்கும் இடத்தில் நீளவாக்கிலே ஒரு பள்ளம் விழும். மூன்றாவது, இருக்கைக்குக் கீழுள்ள தட்டை இலாச்சிபோல முன்னே இழுத்து, அதன்மேல் மெத்தைத் துண்டுகளை அடுக்குவது. இதிலே துண்டுகளின் இணைப்புகள் மேடுபள்ளமாக நிற்கும்.

இம்மூன்றினதும் குறைகள் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை. படுத்திருப்பவரின் பாரம் உடலெங்கும் ஒரேயளவாக இருப்பதில்லை. இடுப்பிலும் தோளிலுமே அது மிகுதியாகத் தங்குகின்றது. மெல்லிய மெத்தை அவ்விடங்களில் முற்றாக அழுங்கி, உடல் அடியிலுள்ள சட்டத்தைத் தொட்டுவிடுகின்றது. இழுத்து விரிக்கும் வகையிலே குறுக்குச் சட்டம் சரியாக இடுப்பின் கீழே வருவதும் உண்டு. படுத்தவுடன் இக்குறை தோன்றாது. நள்ளிரவுக்குப் பின்னரே, உடல் அசையாது கிடக்கும்போது, வலி எழும். கடையிலே இரண்டு நிமிடம் அமர்ந்து பார்த்து வாங்கியவருக்கு இது தெரியவருவதில்லை. எனவே வீட்டுக்காரர் செய்யவேண்டிய முதற்பணி, தாமே ஓரிரவு முழுவதும் அதிலே படுத்துறங்குதல். அவ்வொரு இரவு கற்றுத் தருவதை வேறெந்த அறிவுரையுங் கற்றுத் தராது.

அடுத்துச் சமநிலை பார்த்தல் வேண்டும். கட்டிலை முழுதாக விரித்து, அதன்மேல் ஒரு பலகையை வைத்து, சிறுவர் விளையாடும் போளையொன்றை அதிலே விட்டால், எப்பக்கஞ் சரிகின்றது என்பது உடனே புலப்படும். தலைப்பக்கந் தாழ்ந்தாற் படுத்திருப்பவருக்கு இரவு முழுவதும் தலை பாரமாக இருக்கும். தாழ்ந்த காலின்கீழ் அளவான மரத்துண்டொன்றை உறுதியாக வைத்து இக்குறையை நீக்கலாம். பிணைச்சல்கள் கிறீச்சிட்டால், தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெயை விட்டுத் துடைத்தல் நன்று. தேங்காயெண்ணெய் நாளடைவிலே பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளிலே உப்புக்காற்று இரும்பை விரைவில் அரித்துவிடுமாகையால், சுருள்களையும் ஆணிகளையும் மாதமொருமுறையேனும் பார்த்தல் வேண்டும். துருப்பிடித்த கம்பியொன்று முறிந்து மேலெழுந்தால் விருந்தினர் உடலைக் கிழித்துவிடும்.

தூய்மை அடுத்ததாகும். மடித்து மூடிய மெத்தை காற்றும் வெளிச்சமுங் காணாதது. கொழும்பின் காற்றிலே ஈரலிப்பு மிகுதி. உறங்கும் மனிதரின் உடலிலிருந்து இரவு முழுவதும் வியர்வையும் ஆவியும் வெளியேறி மெத்தையிலே சுவறுகின்றன. விருந்தினர் எழுந்தவுடனே கட்டிலை மடித்து மூடினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணமாகவும் முடைநாற்றமாகவும் மாறும். ஆகவே, ஒருவர் புறப்பட்ட பின் கட்டிலை விரித்தபடியே விட்டு, யன்னல்களைத் திறந்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, இரண்டு மணி நேரமாயினும் காற்றாட வைத்தல் வேண்டும். யப்பானியர் நிலத்திலே விரித்துப் படுக்கும் தம் மெத்தைகளைப் பகலிலே மடித்து அலுமாரியில் வைப்பவர்கள். ஆயினும் வெயில் வாய்த்த நாளிலே அவற்றை மாடத்திலே தொங்கவிட்டுக் காயவைக்கத் தவறுவதில்லை. மடிக்கப்படும் படுக்கை எதுவானாலும் காயவைத்தலும் அதன் பராமரிப்பில் ஒரு பாகமாகும்.

மூட்டைப்பூச்சியைப் பற்றியும் சொல்லாமல் விடுதல் ஆகாது. பலநாட்டாரும் வந்துபோகும் இடங்களிலே பயணப் பெட்டிகளோடு இப்பூச்சியும் வந்து சேரும். இது வறுமையின் அடையாளமுமன்று, அழுக்கின் அடையாளமுமன்று. உயர்ந்த விடுதிகளிலும் காணப்படுவதே. வளர்ந்த பூச்சி அரிசிமணி அளவினது. பல மாதங்கள் உணவின்றியும் உயிர் வாழவல்லது. சோபாக் கட்டிலின் மடிப்புகளும் பிணைச்சல்களும் மரப்பொருத்துகளும் அதற்கு வாய்த்த ஒளிப்பிடங்கள். விருந்தினர் ஒவ்வொரு முறை சென்ற பின்னரும் மின்சூளையின் ஒளியில் மெத்தையின் தையலோரங்களைப் பார்த்தல் வேண்டும். மையைத் தொட்டு வைத்தாற்போன்ற கரும்புள்ளிகளும், இரத்தக் கறைகளும், உரிந்த தோல்களும் அதன் வருகையைக் காட்டிக்கொடுக்கும். விரிப்புகளை 60 பாகை செல்சியஸ் வெப்பத்திலே கழுவினால் அவற்றிலுள்ள பூச்சியும் முட்டையும் அழியும். மெத்தையிலோ சட்டகத்திலோ கண்டுவிட்டாற் பூச்சி ஒழிப்பதிலே பயிற்சி பெற்றவரை அழைத்து முற்றாகத் தீர்த்த பின்னரே அடுத்த விருந்தினரை ஏற்றல் முறை. ஒருநாள் வாடகையை இழக்க மனமில்லாதவர், வந்தவரின் பெட்டியிலே அப்பூச்சியை ஏற்றி அவர் வீட்டுக்கு அனுப்பி வைப்பவராகின்றார்.

இனிப் படுக்கையை அடுக்கும் முறை. முதலில், குறுக்குச் சட்டமுள்ள கட்டிலாயின் மெல்லிய ஒட்டுப்பலகையை இரண்டு துண்டாக வெட்டி, ஓரங்களைத் தேய்த்து மழுக்கி, மெத்தைக்கும் சட்டகத்துக்கும் இடையே வைக்கலாம். பாரம் பலகையெங்கும் பரவுவதால் சட்டம் முதுகை அழுத்துவது குறையும். நடுவிலே பள்ளமுள்ள வகையாயின், பழைய போர்வையொன்றை இறுகச் சுருட்டிப் பள்ளத்தை நிரப்பல் வேண்டும். ஒருவரே படுப்பவராயின் பள்ளத்தை விட்டு ஒரு பக்கமாகப் படுக்குமாறு விரிப்பை அமைக்கலாம். இதன்மேல் இரண்டு அங்குலத் தடிப்புள்ள மேல்மெத்தையொன்று விரிக்கப்படல் வேண்டும். சோபாக் கட்டிலைத் திருத்துவதற்கு ஒரேயொரு பொருளைத்தான் வாங்க முடியுமென்றால், வாங்கத்தக்கது இந்த மேல்மெத்தையே.

மேல்மெத்தைக்கு இறப்பர்ப் பாலிலிருந்து செய்த நுரைமெத்தை நன்று. அது அழுங்கினாலும் மீண்டெழும் இயல்புடையது. அத்துடன் இலங்கையிலேயே செய்யப்படுவது. செயற்கை நுரையாலான மலிவு மெத்தைகள் வெப்பத்தைப் பிடித்து வைத்து வியர்வையைப் பெருக்கும். சில மாதங்களில் நடுவிலே குழிந்தும் விடும். பஞ்சு மெத்தை குளிர்ச்சியானது. ஆனால் ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபட்டுப் போகுமாதலால் அடிக்கடி வெயிலிற் போட வேண்டும். எதுவாயினும், மேல்மெத்தையைக் கட்டிலினுள்ளே வைத்து மடித்து மூட முயலல் ஆகாது. தடிப்பு மிகுவதால் பிணைச்சல் வளைந்து, கட்டில் நாளடைவில் மூடவும் முடியாமல் விரிக்கவும் முடியாமற் போகும். அதனைச் சுருட்டி, துணிப் பையிலே இட்டு, அலுமாரியிலே தனியே வைத்தல் வேண்டும்.

மேல்மெத்தையின்மேல் நீர்புகாத உறையிடுதல் மெத்தையைக் காக்கும். வெறும் பிளாஸ்டிக் உறை புரளுந்தோறுஞ் சலசலத்து நித்திரையைக் குலைக்குமாதலால், மேற்புறம் பருத்தியாய் உள்ள உறையே ஏற்றது. பின்னர் பருத்தி விரிப்பு. சோபாக் கட்டிலின் மெத்தை குறுகியதென்பதை மறந்து சாதாரண அளவுள்ள விரிப்பை வெறுமனே போட்டாற் பாதி இரவிலே அது சுருண்டு காலடியிலே கிடக்கும். மூலைகளிலே இழுபட்டியுள்ள விரிப்பு அல்லது நான்கு பக்கமும் ஆழமாகச் செருகத்தக்க நீண்ட விரிப்பு வேண்டும். மேலே போர்த்த ஒரு மெல்லிய துணியும், குளிரூட்டி உள்ள வீடாயின் ஒரு தடித்த போர்வையும் வைத்தல் நலம். தலையணை ஒருவருக்கு ஒன்றாவது வேண்டும். செற்றியிலே கிடக்கும் பூப்போட்ட சிறு திண்டுகளைத் தலையணையாகக் கொள்ளுமாறு விடுதல் முறையன்று; பகல் முழுவதும் பலர் சாய்ந்த துணியிலே இரவில் ஒருவர் முகம் பதிக்கலாகாது.

ஒரு படுக்கைக்கு மூன்று தொகுதி விரிப்புகள் தேவை. ஒன்று கட்டிலிலே, ஒன்று சலவையிலே, ஒன்று அலுமாரியிலே. முற்பகல் பதினொரு மணிக்கு ஒருவர் புறப்பட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்கு மற்றவர் வரும் வீட்டிலே, மூன்று மணித்தியாலத்துள் கழுவிக் காயவைத்தல் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலே இயலாத காரியம். அரைகுறையாய்க் காய்ந்த விரிப்பின் ஈரவாடையை எந்த வாசனைத் தெளிப்பும் மறைக்காது. வெள்ளை விரிப்பே சிறந்தது. கறை இருந்தாற் காட்டும், இல்லையென்றால் அதனையும் காட்டும். புதிதாக வந்தவருக்கு அந்த உறுதி பெரிய ஆறுதல்.

படுக்கை மட்டும் நன்றாயிருந்தாற் போதாது. கூடம் எல்லோருக்கும் பொதுவான இடம். குசினிக்குப் போகிறவரும் குளியலறைக்குப் போகிறவரும் அதனூடாகவே போவர். ஆகவே, கட்டிலை விரித்த பின் நடப்பதற்கு வழி எஞ்சுகின்றதா என்று பார்த்து அதன் இடத்தைத் தெரிதல் வேண்டும். மேசையையும் கதிரைகளையும் நகர்த்தாமலே விரிக்க முடிந்தால் மிக நன்று. இழுத்து மூடத்தக்க திரைச்சீலையொன்று, கையெட்டும் தூரத்தில் ஒரு சிறு விளக்கு, தண்ணீர்க் குவளையும் மூக்குக்கண்ணாடியும் வைக்க ஒரு முக்காலி, கைத்தொலைபேசிக்கு ஒரு மின்செருகி, உடுப்புப் பையை வைக்க அலுமாரியில் ஒரு தட்டு ஆகிய ஐந்தும் கூடத்திலே படுப்பவருக்கு ஓர் அறையின் மதிப்பைக் கொடுத்துவிடும். மின்விசிறி கூடத்தின் நடுவிலே இருக்க, கட்டில் சுவரோரமாய்க் கிடந்தாற் காற்று எட்டாது. ஒரு மேசை விசிறியை அருகில் வைத்தல் தகும். நுளம்புக்குக் கூடாரம்போல மடித்து விரிக்கும் வலை ஏற்றது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு பகலிலே, சிறப்பாகக் காலையிலும் மாலையிலுங் கடிப்பது. இரவெல்லாம் வைத்தியசாலையிலே விழித்திருந்து விடிந்தபின் வந்து படுப்பவருக்கும் வலை வேண்டுமென்பதை இதனால் உணரலாம்.

சிலருக்குச் சோபாக் கட்டில் பொருந்தவே பொருந்தாது. முழங்கால் நோவுள்ள முதியோர் தாழ்ந்த படுக்கையிலிருந்து எழ இடர்ப்படுவர். சத்திரசிகிச்சை முடிந்து வந்தவருக்கும் அது தகாது. கைக்குழந்தையைச் சோபாவிலே படுக்கவைத்தல் பேரபாயம் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். இருக்கைக்கும் சாய்மனைக்கும் இடையே குழந்தையின் முகம் புதைந்தால் மூச்சுத் திணறும். பெரியவர் ஒருவர் பக்கத்திலே படுத்திருப்பது அந்த அபாயத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. தங்க வருவோருள் முதியவரோ கைக்குழந்தையோ உளரா என்று முன்கூட்டியே கேட்டறிந்து, குழந்தைக்குத் தொட்டிலோ சமதளமான தனிப்படுக்கையோ ஆயத்தஞ் செய்தல் வீட்டுக்காரர் கடன். கட்டிலை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிணைச்சலில் விரல் நசுங்கக்கூடுமாதலால் சிறுவரை அப்பால் நிறுத்தல் வேண்டும்.

கட்டிலை விரிக்கும் முறையை வந்தவருக்குச் செய்து காட்டுதலும் வேண்டும். நள்ளிரவிலே களைத்து வந்த ஒருவர், எந்தப் பிடியை இழுப்பது என்றறியாது தடுமாறி, ஈற்றில் விரிக்காமலே குறண்டிப் படுத்த செய்திகள் பலவுண்டு. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நாலு வரி எழுதி, படமும் வரைந்து சுவரில் ஒட்டலாம். இன்ன இடத்தில் விரிப்பு, இன்ன இடத்தில் மேல்மெத்தை என்பதும் அதில் இருத்தல் நலம். இரவு வருவார் என்று தெரிந்தாற் படுக்கையை விரித்து ஆயத்தமாகவே வைத்துவிடுதல் இன்னும் மேலானது. விரித்த படுக்கை, 'உம்மை எதிர்பார்த்திருந்தோம்' என்று வாய்திறவாமலே சொல்லும்.

இவையனைத்துக்கும் அடிப்படையானது உண்மை பேசுதல். மண்டபம்போலத் தோன்றுமாறு கூடத்தைப் படமெடுத்து, 'ஆறுபேர் தங்கலாம்' என்று எழுதுதல் எளிது. 'நால்வர் கட்டிலிற் படுக்கலாம். கூடத்திலுள்ள சோபாக் கட்டில் பெரியவர் ஒருவருக்கோ சிறுவர் இருவருக்கோ போதும்' என்று எழுதுதல் நேர்மை. விரித்த நிலையிலும் அதனைப் படமெடுத்துக் காட்டுதல் அதனிலும் நேர்மை. இப்படி எழுதினால் ஓரிரு வாடகைகள் தவறிப்போகலாம். ஆனால் வருபவர் அறிந்தே வருவர். அறிந்து வந்தவர் மனம் நோவதில்லை.

பணம் பெற்றுக்கொண்டு செய்வது விருந்தோம்பலாகுமா என்று சிலர் வினவுவர். பணம் கொடுத்து வருபவரும் புதியவரே. அவர் தம் நித்திரையை, அதாவது தம்மைக் காத்துக்கொள்ள முடியாத ஆறேழு மணி நேரத்தை, அறியாதவர் வீட்டிலே நம்பி ஒப்படைக்கின்றார். வாடகை என்பது இடத்துக்கான விலை. அந்த நம்பிக்கைக்கு விலை குறிக்கப்படவில்லை. மேலும், இலவசமாய்த் தங்குபவருக்கு நாம் குறைகூறி மன்னிப்புக் கேட்கலாம். 'இருப்பதைக் கொண்டு சமாளியும்' என்றுஞ் சொல்லலாம். பணம் பெற்றவருக்கு அந்தச் சலுகை இல்லை. வாடகை வாங்குவதால் விருந்தோம்பும் கடமை குறையாது. அது இன்னும் இறுகுகின்றது.

ஒரு வீட்டின் உபசாரத்தை மதிப்பிட அதன் மிகச்சிறந்த படுக்கையைப் பார்ப்பதிற் பயனில்லை. அதனை எல்லோரும் அழகாகவே வைத்திருப்பர். கடைசியாக வந்தவருக்கு, ஒன்றுங் கேளாதவருக்கு, கூடத்திலே விரிக்கப்படும் அந்தப் படுக்கையைப் பார்த்தல் வேண்டும். இரண்டங்குல மேல்மெத்தை, காய்ந்த வெள்ளை விரிப்பு, தலையணை, ஒரு சிறு விளக்கு, இழுத்து மூட ஒரு திரை: செலவு பெரிதன்று. விடிந்தால் வைத்தியசாலை வாயிலிலே வரிசையில் நிற்கவேண்டிய ஒருவர், இரவு முழுவதும் அயர்ந்துறங்கி, முதுகு நிமிர்ந்து எழுந்து செல்வாராயின், முன்பின் அறியாத அவ்வீட்டுக்காரர் அன்று அவருடைய சுமையிலே ஒரு பங்கைத் தாமே தாங்கியவராவார்.